கறுப்பு பிளசரின் கோணல் மெத்தை

எனக்கு எழுபத்தாறு வயது. பெற்றது நான்கு. நாத்தனார் கண்ணை மூடிய பிறகு அவள் பிள்ளைகள் இரண்டையும் சேர்த்து ஆறு பேரை வளர்த்து ஆளாக்கினேன். ஆறில் ஒன்றுகூடச் சோற்றுக்காகப் பிறர் வாசலில் போய் நின்றதில்லை. இதைப் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். பெருமைப்பட ஒன்றுமில்லாதவர்கள் வேண்டுமானால் அடக்கமாக இருந்துகொள்ளட்டும்.

எழுத்து எனக்கு அவ்வளவாக வராது. கையெழுத்துப் போடுவேன். பஸ் போர்டை எழுத்துக்கூட்டிப் படிப்பதற்குள் பஸ் போய்விடும். அதனால் நான் சொல்லச் சொல்லப் பேத்தி ஹரிணி எழுதுகிறாள். என் பேச்சைப் பள்ளிக்கூடத் தமிழாக மாற்றி எழுதுகிறாளாம். எழுதட்டும். ஆனால் யாராவது பேசுகிற இடம் வந்தால் அவர்கள் பேசியபடியே இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

இது சீட் கவர் கடையில் இப்போது வேலை பார்க்கும் ஏழு பெண்களுக்காக. உங்களில் சிலருக்கு என்னை மாதம் ஒரு தடவை வந்து மேஜையோரம் உட்கார்ந்து தையலைத் தடவிப் பார்த்துவிட்டுப் போகும் கிழவியாகத்தான் தெரியும். நீங்கள் மிஷின் போட்டிருக்கும் இடத்தில் முன்பு தகரக் கொட்டகை இருந்தது. அங்கே இருபத்திரண்டு வருஷம் கார் சீட் தைத்தவள் நான்.

போன மாதம் நான் வந்திருந்தபோது, தளவாய்புரத்திலிருந்து புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண் பரணைச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். அங்கே கிடந்த ஒரு மெத்தையை எடுத்துக் கீழே போட்டாள். "ஆச்சி, இது ஒரு பக்கமா தூக்கிக்கிட்டு நிக்கி. யாரோ வேல தெரியாதவுக தச்சது போல. எலி கூடு வச்சிரும், குப்பையில போட்டுறவா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்துவிட்டு, இருந்துவிட்டுப் போகட்டும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகு அந்தச் சிரிப்பு எனக்கே பிடிக்கவில்லை. அந்த மெத்தையை யார் தைத்தது என்று பல வருஷங்களுக்கு முன்பு ஒருவர் கேட்டார். அன்றைக்கு ஒரு பதில் சொன்னேன். அந்தப் பதில்தான் இன்னமும் என்னை அறுத்துக்கொண்டிருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

முதலில் நான் இந்த வேலைக்கு வந்த கதை. அதற்கு முன் பருத்தி அரவை ஆலையில் சாக்கு மூட்டைக்கு வாய் தைத்துக்கொண்டிருந்தேன். கொட்டகை மேஸ்திரி பழைய கார்களைப் பிரித்துச் சேர்ப்பதில் கெட்டிக்காரர். ராஜபாளையத்தில் மில் வைத்திருந்த வீடுகளில் வெள்ளைக்காரன் காலத்துக் கார்கள் அப்போது நிறைய நின்றன. எஞ்சினை அவர் பார்த்துக்கொள்வார். தோல் சீட்டில் ஊசி இறக்கத்தான் ஆள் இல்லை. ஆலை வாசலில் நான் கோணி ஊசியை இழுக்கிற இழுப்பைப் பார்த்துவிட்டு, "ஏட்டி, சாக்குக்கு இம்புட்டுப் பலம் எதுக்கு? எங்கூட வா" என்று கூப்பிட்டார். வந்துவிட்டேன்.

வந்த இரண்டாம் மாதமே ஒரு தப்புச் செய்தேன். எங்கள் ஊர் டாக்டர் ஒருவர் குட்டிக் கார் ஒன்றை ஆசையாக வைத்திருந்தார். அதன் முன்சீட்டைத் தைத்து முடித்த அன்று என் கத்திரிக்கோலைக் காணவில்லை. கொட்டகை முழுக்கத் தேடினேன், கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் டாக்டர் காரை ஓட்டிக்கொண்டு வந்தார். பள்ளத்தில் இறங்கினால் மட்டும் தொடையில் ஏதோ முட்டுகிறது என்றார். எனக்கு உடனே விளங்கிவிட்டது. வாயை மூடிக்கொண்டு சுருள்கம்பி மேல் பழியைப் போட்டிருக்கலாம். "ஐயா, அது என் கத்திரி. உள்ள வச்சுத் தச்சுட்டேன்" என்றேன். மேஸ்திரி என்னை விட்டுவிட்டு டாக்டரைப் பார்த்தார். "கத்திரிய உள்ள வச்சுத் தைக்கிறது டாக்டர்மாரு தொழில்னுல்லா நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்றார். டாக்டர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அன்றிலிருந்து தன் காரை என்னைத் தவிர வேறு கையில் கொடுத்ததில்லை.

ஒன்றும் தெரியாத காலத்தில் எனக்கு அந்தத் தைரியம் இருந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி மெத்தைக்கு வருகிறேன்.

மில் வீடு ஒன்றில், நாங்கள் எல்லோரும் பெரியம்மா என்று கூப்பிடும் ஓர் அம்மா இருந்தார்கள். தெலுங்கு பேசுகிற வீடு. பெரியம்மாவின் மாமனார் வாங்கிய கறுப்பு பிளசர் ஒன்று அந்த வீட்டில் இருந்தது. பிளசர் என்றால் உங்களுக்குத் தெரியாது. அந்தக் காலத்தில் காரையே அப்படித்தான் சொல்வோம். அகலமான படி, உருண்டை விளக்கு. பின்சீட்டுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஒரு தோல் வார் தொங்கும். ஹாரன் இரண்டு குரலில் ஒலிக்கும், முதலில் தடித்த குரல், அடுத்து மெலிந்த குரல். வெள்ளிக்கிழமை தோறும் நாலு மணிக்கு அந்த வண்டியில் பெரியம்மா ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளைப் பார்க்கப் போவார்கள். அந்த ஹாரனைக் கேட்டுத்தான் நான் பிள்ளைகளுக்குக் காப்பி போட வீட்டுக்குக் கிளம்புவேன்.

ஒருநாள் கிணற்றடியில் வழுக்கி விழுந்து பெரியம்மாவுக்கு இடது இடுப்பு எலும்பு முறிந்தது. எலும்பு கூடிற்று. ஆனால் கால் கொஞ்சம் கட்டையாகக் கூடிற்று. வீட்டில் நடந்தார்கள், உட்கார்ந்தார்கள். காரில் மட்டும் உட்கார முடியவில்லை. சமமான சீட்டில் உட்கார்ந்தால் உடம்பு இடது பக்கம் சரியும். வண்டி ஒவ்வொரு முறை குலுங்கும்போதும் பாரமெல்லாம் அந்த எலும்பில் இறங்கும். வாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தபடி இரண்டு வெள்ளிக்கிழமை போய்ப் பார்த்தார்கள். மூன்றாம் வெள்ளி ஹாரன் கேட்கவில்லை. அதற்குப் பிறகு எட்டு மாதம் கேட்கவில்லை.

புதுக் கார் வாங்கித் தருகிறேன் என்று மகன் சொன்னாராம். வேண்டாம் என்று சொல்லிவிட்டு எனக்கு ஆள் அனுப்பினார்கள்.

போய் நின்றேன். "என்னை அங்கே கொண்டுபோய் விடுவியா?" என்று மட்டும் கேட்டார்கள். கோயிலுக்கு டிரைவர்தானே கொண்டுபோவார், நான் எப்படி என்று நினைத்தேன். நோகாமல் உட்கார்ந்து போக ஒரு சீட்டைத்தான் கேட்கிறார்கள் என்பது மெல்லத்தான் புரிந்தது.

மரக்கட்டை வைத்து உயர்த்தலாம், தலையணை வைக்கலாம் என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஆலையிலிருந்து அரைச் சாக்குப் பருத்திக்கொட்டை வாங்கிவரச் சொன்னேன். அதைக் கார் சீட்டில் பரப்பி, மேலே ஒரு சேலையை விரித்து, பெரியம்மாவை உட்காரச் சொன்னேன். நோகாதபடி அவர்களே அசைந்து அசைந்து ஓர் இடம் பிடித்தார்கள். செத்த நேரம் இருந்துவிட்டு இறங்கினார்கள். பருத்திக்கொட்டை மணல்போலச் சரியாது, பஞ்சுபோல உப்பாது. உட்கார்ந்த தடம் அப்படியே நிற்கும். விளக்குமாற்று ஈர்க்கை ஒடித்து அந்தத் தடத்தில் இடம் இடமாகக் குத்தி, ஆழத்துக்கு ஆழம் நறுக்கி, எது எந்த இடத்துக் குச்சி என்று தெரிய ஒவ்வொன்றிலும் நூல் கட்டி வைத்துக்கொண்டேன். நாற்பது குச்சிகள் இருக்கும். எனக்கு அளவுநாடா படிக்க வராது. குச்சி படிக்க வரும்.

அந்தக் குச்சிகளின்படி தேங்காய் நாரும் பஞ்சும் வைத்துக் கோணியில் உள்மெத்தை தைத்தேன். இடது பக்கம் இரண்டு விரற்கடை உயரம். முறிந்த எலும்புக்கு நேராக ஒரு சிறு பள்ளம். கதவோரம் மட்டும் தணிவு, காலை வெளியே விட. மேலே பழைய தோலையே இழுத்துப் போர்த்தினேன். பார்வைக்குக் கோணல்தான். மேஸ்திரி சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏட்டி, இது சீட்டா, மேக்கு மலையா?" என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை என்னையும் ஏறச் சொன்னார்கள். டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். பின்னால் திரும்பிப் பார்க்கக் கூச்சம். டிரைவர் பின்னால் பார்க்கும் சின்னக் கண்ணாடியில் பார்த்தால் பெரியம்மாவின் முகம் தெரியவில்லை. வாரைப் பிடித்திருந்த கை மட்டும் தெரிந்தது. விரல் கணுவெல்லாம் வெளுத்துப்போய், இறுக்கிப் பிடித்த கை. ராஜபாளையம் தாண்டியும் அப்படியே இருந்தது. மாட்டுவண்டிக்கு ஒதுங்கிப் பள்ளத்தில் ஒரு சக்கரம் இறங்கி ஏறிற்று. கை இன்னும் இறுகியது. புளியமரங்கள் போய்க்கொண்டே இருந்தன. எந்த இடம் என்று சொல்லத் தெரியவில்லை, ஓர் இடத்தில் பார்த்தேன், ஒரு விரல் தளர்ந்தது. பொறவு இன்னொன்று. பொறவு கை வாரை விட்டுவிட்டு மடியில் இறங்கிவிட்டது. வார் சும்மா ஆடிக்கொண்டிருந்தது.

தூரத்தில் கோபுரம் தெரிந்தபோது, "மெல்லப் போ" என்று டிரைவரிடம் சொன்னார்கள். வலிக்கிறதா என்று கேட்டேன். "இல்லே. பார்த்துக்கிட்டே போறேன்" என்றார்கள். கோயில் வாசலில் இறங்கி நின்று சீட்டைத் தடவி, "பாகுந்தி" என்றார்கள். நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அவ்வளவுதான் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் வெள்ளிக்கிழமை நாலு மணி ஹாரன் தப்பவில்லை. பெரியம்மா காலமானபோதுதான் நின்றது.

அந்தச் சமயத்தில்தான் டிவியில் அந்த ஆள் வர ஆரம்பித்தார்.

மெட்ராஸ்காரர். வீட்டில் முப்பது நாற்பது பழைய கார் வைத்திருப்பவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் அரைமணி நேரம் ஒவ்வொரு காராகக் காட்டிக் கதை சொல்வார். தலையில் வட்டத் தொப்பி. அந்த அரைமணி நேரத்துக்காக எங்கள் கொட்டகையில் ஒரு சபையே கூடும். டாக்டர் தன் வீட்டுப் பழைய கறுப்பு வெள்ளை டிவியைக் கொண்டுவந்து வைத்திருந்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாக் கடை வைத்திருந்த அண்ணாச்சி தன் அப்பா காலத்துக் காரிலேயே வருவார். மேஸ்திரியும் இருப்பார். இந்த மூன்று பேருக்கும் பழைய கார் என்றால் உயிர். அந்த டிவிக்காரரைப் பற்றிப் பேசுவது என்றால் அதைவிட உயிர்.

மேஸ்திரிக்கு அவரைக் கண்டாலே ஆகாது. "கையப் பாருங்க. நகத்துல ஒரு பொட்டு கிரீஸ் இருக்கா? இவன்லாம் கார்க்காரனா?" என்பார். டாக்டர் கொஞ்சம் படித்த விதமாகச் சொல்வார், வண்ணத்துப்பூச்சியைக் குண்டூசியால் குத்திக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பவர்களும் பூச்சிமேல் ஆசை உள்ளவர்கள்தான் என்று. அண்ணாச்சி மட்டும் கொஞ்சம் பரிந்து பேசுவார். அந்த மனிதர் வாங்காவிட்டால் பாதி வண்டி காயலான் கடைக்குப் போயிருக்கும் என்பார். உடனே மேஸ்திரி, "ஒம்ம பால்கோவாவ வாங்கி ஒருத்தன் தின்னாம அலமாரியில அடுக்கி வச்சா ஒமக்குச் சந்தோசமா வேய்?" என்று மடக்குவார். அண்ணாச்சி யோசித்துவிட்டு, "துட்டுக் குடுத்துட்டான்னா சந்தோசம்தான்" என்பார்.

காரின் பெயிண்ட் சரியில்லை, அந்தக் காலத்துப் பச்சை இது இல்லை என்றுகூடச் சண்டை போடுவார்கள். பார்ப்பது கறுப்பு வெள்ளை டிவி. நான் ஒருநாள் அதைச் சொன்னேன். மூன்று பேரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

அவர் காரைத் துடைப்பார், சுற்றி வருவார், கதவைத் திறந்து காட்டுவார், ஆனால் ஒருநாளும் உள்ளே உட்கார மாட்டார் என்பதை மேஸ்திரி கண்டுபிடித்தார். அதுமுதல் எங்களுக்குள் அவர் பெயர் 'உக்காராதவன்'. கம்பெனியில் இருந்து வந்தபடி இல்லாத எதையும் அவர் ஏளனம் செய்வார் என்றும், ஊர்க்காரர்கள் வேலையைக் காட்டிக் காமிரா முன் சிரிப்பார் என்றும் பேசிக்கொண்டார்கள். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. ஆனாலும் ஞாயிறு தோறும் கேட்டுக் கேட்டு, சிரிப்பார் என்றே நானும் நம்பிவிட்டேன்.

பெரியம்மா போய் ஒரு வருஷம் கழிந்து, கோயம்புத்தூரில் இருந்த மகன் கறுப்பு பிளசரை விற்க முடிவு செய்தார். வாங்க வந்தவர் அந்த டிவிக்காரர்தான். வண்டியைச் சோதித்துப் பார்க்க எங்கள் கொட்டகைக்குக் கொண்டுவந்தார்கள். காமிரா தூக்கிக்கொண்டு ஒருவர் கூடவே வந்தார்.

அன்றைக்கு நம் ஆட்களைப் பார்க்க வேண்டுமே. ஒரு வருஷமாக அந்த மனிதரை வைத வாய்களெல்லாம் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு நின்றன. மேஸ்திரி முகத்துக்குப் பவுடர் பூசியிருந்தார். அண்ணாச்சி இரண்டு கிலோ பால்கோவாவோடு வந்திருந்தார். நானும் ஒன்றும் குறைவில்லை. நல்ல சேலை கட்டியிருந்தேன்.

டிவியில் தெரிந்ததைவிடச் சின்ன உருவம். மெதுவான பேச்சு. எஞ்சினைத் திறந்து பார்த்துவிட்டு மேஸ்திரிக்குக் கைகொடுத்தார். பின்கதவைத் திறந்தார். சீட்டின் மேல் உள்ளங்கையை வைத்து வலமிருந்து இடமாகத் தடவிக்கொண்டே போனார். இடது பக்கம் வந்ததும் கை நின்றுவிட்டது. அப்படியே தரையில் மண்டியிட்டு, சீட் மட்டத்துக்குக் கண்ணை வைத்துப் பார்த்தார். காமிராவும் என்னைச் சுற்றிக்கொண்டு அங்கே போயிற்று.

"இந்தப் பக்கம் உயரமா இருக்கே. இது யார் தைச்சது?" என்று கேட்டார்.

மேஸ்திரி என்னைப் பார்த்தார். டாக்டர் கூரையைப் பார்த்தார். நம் கொட்டகை மானம் டிவியில் போகப்போகிறது என்று எல்லோருக்கும் ஒரே பயம். எனக்குக் காது சூடாகிவிட்டது. ஆறு பிள்ளைகளும் அக்கம்பக்கத்தாரும் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, என் கோணலை இந்த ஆள் காட்டிச் சிரிப்பதைப் பார்ப்பது போலிருந்தது.

"தெரியல சார். அவசரத்துல யாரோ தச்சிருப்பாவ" என்றேன்.

அவர் எழுந்திருக்கவில்லை. இன்னொரு தடவை அந்தப் பள்ளத்தில் விரலை வைத்துப் பார்த்தார். "காரணம் ஏதாச்சும் இருக்குமா?" என்றார். குரலில் கேலி இல்லை. இன்று நினைத்தால் தெரிகிறது, ஒரு துளிகூட இல்லை.

"ஒரு காரணமும் இல்ல சார். கோணல் கோணல்தான்" என்றேன்.

"அப்படியா" என்று எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டார். பிறகு அந்த வண்டி புதிதாக வந்த காலத்துப் படம் ஒன்றைக் காட்டி, சீட்டை இதுபோலச் சமமாகத் தைக்க முடியுமா, நாளை மறுநாள் லாரி வருகிறது என்றார். என் வீறாப்பு எனக்கு முன்னால் வாயைத் திறந்து, முடியும் என்று சொல்லிவிட்டது.

அவர்கள் போன பிறகு மேஸ்திரி கொஞ்ச நேரம் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

"ஏட்டி, ஏன் சொல்லல?"

"நீங்க ஏன் சொல்லல?"

"ஒன் தையலு. நீ வாயத் தொறக்காதப்போ நான் என்னத்தச் சொல்ல?" என்றார். பிறகு, "வில்லிபுத்தூர் லாட்ஜுலதான் இருக்காரு. இன்னும் ஒண்ணும் பிரிக்கல. ஒரு பஸ்ஸப் பிடிச்சா அரைமணி நேரம். போய்ச் சொல்லிட்டு வந்துரு" என்றார்.

போனேன். பஸ் நிறுத்தம் வரை போனேன். போய் என்ன சொல்வது என்று நடந்துகொண்டே சேர்த்துப் பார்த்தேன். சீட்டைத் தைத்தது நான், காரணம் இது. இது சுலபம். ஆனால் அதற்கு முன்னால், காலையில் உங்களிடம் பொய் சொன்னேன் என்று ஒரு வரி சொல்ல வேண்டும். அந்த ஒரு வரியைத்தான் சேர்க்க வரவில்லை. முதல் பஸ் வந்தது. கூட்டமாக இருக்கிறது என்று விட்டுவிட்டேன். இரண்டாவது பஸ் வந்தது. உட்கார இடம் இருந்தது. கண்டக்டர் படியில் நின்று, "ஏறுதியளா, இல்லையாம்மா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். பஸ் போன பிறகும் அது போன திசையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பெரியம்மா அதே ரோட்டில்தான் போவார்கள்.

திரும்பி வந்து சீட்டைப் பிரித்தேன். என் தையலை என் கையாலேயே ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாக அறுத்தேன். பத்து வருஷமாகியும் ஒரு நூல்கூடத் தளரவில்லை. சந்துகளில் காய்ந்த துளசி கிடந்தது. உள்மெத்தை பிய்ந்து வரும் என்று நினைத்தேன். இல்லை, முழுசாக, ஒரே துண்டாக எழுந்து வந்தது. நாரும் பஞ்சும் இறுகி, பெரியம்மா உட்கார்ந்த தடத்தோடு. அதை என்ன செய்வதென்று தெரியாமல் கோணியில் சுற்றிப் பரணில் வைத்தேன். கொட்டகை கடையானபோது அதுவும் இந்தப் பரணுக்கு வந்துவிட்டது. அதுதான் நீங்கள் கீழே எடுத்துப் போட்டது.

லாரி வருவதற்குள் புதுச் சீட்டைத் தைத்து முடித்துவிட்டேன். பலகைபோலச் சமமாக இருந்தது. கம்பெனிக்காரன் பார்த்தாலும் குற்றம் சொல்ல முடியாது. வண்டி லாரியில் ஏறும்போது யாரோ கை தவறி ஹாரனை அழுத்திவிட்டார்கள். தடித்த குரல், மெலிந்த குரல். நான் காப்பி போடக் கிளம்புகிறவள்போல எழுந்துவிட்டேன்.

நாலைந்து மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வண்டி டிவியில் வந்தது. சபை முழுசாக இருந்தது. அவர் வண்டியைச் சுற்றி வந்து பின்கதவைத் திறந்தார். "இந்தச் சீட்ட ராஜபாளையத்துல ஒரு அம்மா ரெண்டே நாள்ல தைச்சாங்க. இந்த நேர்த்தியப் பாருங்க" என்றார். அண்ணாச்சி கைதட்டினார். டாக்டர் என் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். பெரிய சந்தோஷம் வந்திருக்க வேண்டும். எவளும் தைக்கக்கூடிய ஒரு சீட்டுக்கு வந்த புகழ் அது.

அவர் கதவை மூடவில்லை. சீட்டின் இடது பக்கத்தில் கையை வைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் பேசினார். "முன்னாடி இங்க ஒரு பக்கம் உயரமா இருந்துச்சு. யாருக்காகவோ பார்த்துச் செஞ்ச மாதிரி இருந்துச்சு. அங்க கேட்டேன், காரணம் ஒண்ணும் இல்லன்னாங்க. இருந்திருந்தா நான் அதத் தொட்டிருக்கவே மாட்டேன். எனக்கு இன்னமும் சந்தேகம்தான்."

சொல்லிவிட்டு, உட்காராதவன் என்று நாங்கள் பெயர் வைத்த அந்த மனிதர், பின்சீட்டில் ஏறி அந்த இடத்தில் உட்கார்ந்தார். கை தானாக மேலே போய் வாரைப் பிடித்தது.

மேஸ்திரி எழுந்துபோய் டிவியை அணைத்தார்.

அதற்காக அவர்கள் திருந்திவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். அடுத்த ஞாயிறே அவர் தொப்பியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். பழகின வாய். எனக்குத்தான் அதன் பிறகு அந்தச் சபையில் உட்கார மனம் வரவில்லை.

அவருக்கு ஒரு கடிதம் போட்டிருக்கலாம். எழுத வராது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் ஆறு பேர் இருந்தார்கள். எழுதித் தரச் சொல்லியிருக்கலாம். அவர்களிடம் விஷயத்தைச் சொல்ல வேண்டுமே. சில வருஷங்களில் அந்த நிகழ்ச்சி நின்றுவிட்டது. அவர் கார்களெல்லாம் கைமாறிவிட்டன என்று டாக்டர் சொன்னார். இப்போது மேஸ்திரி இல்லை, டாக்டர் இல்லை. கறுப்பு பிளசர் எந்த ஊரில் நிற்கிறதோ. பழைய கார் ஊர்வலம் என்று ஹரிணி போனில் காட்டும்போதெல்லாம் நான் காரைப் பார்ப்பதில்லை. பின்கண்ணாடிக்குள் ஒரு வார் தொங்குகிறதா என்று பார்ப்பேன். படத்தை நிறுத்து நிறுத்து என்று அவளைப் பாடாய்ப் படுத்துவேன். இன்னும் தட்டுப்படவில்லை. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு இன்னமும் எனக்குக் காப்பி நினைவு வருகிறது. அடுப்பை மூட்டிவிட்டுக் காதைத் தெருவில் வைத்திருப்பேன். ஆட்டோ போகும், மினி பஸ் போகும்.

பெண்களே, தையல் உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. மிஷினில் நீங்கள் என்னைவிட நேராக ஓட்டுகிறீர்கள். ஒன்றுதான். நான் அன்றைக்குப் பதில் சொன்னது என் முன்னால் மண்டியிட்டிருந்த மனிதருக்கு அல்ல. ஒரு வருஷம் ஞாயிறு தோறும் மூன்று பேர் பேசிப் பேசிச் செய்து வைத்திருந்த ஒரு ஆளுக்கு. உங்கள் மேஜைக்கு வருகிறவர் யாராக இருந்தாலும், அவரைப் பற்றிக் கேட்டதையெல்லாம் வாசலிலேயே விட்டுவிட்டு அவர் கையைப் பாருங்கள். கை எந்த இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள்.

அந்த மெத்தையைப் போடுவதானால் போடுங்கள். எலி வரும் என்பதும் உண்மைதான். போடுவதற்கு முன் அந்தத் தளவாய்புரத்துப் பெண் அதை ஒரு ஸ்டூலில் வைத்து ஒரு தடவை உட்கார்ந்து பார்க்கட்டும். அவளுக்குச் சரியாக இருக்காது. அவளுக்காகத் தைத்தது இல்லை.

ஏட்டி ஹரிணி, எழுதிட்டியா? எல்லாத்தையும் வாசிக்க வேண்டாம். அவரு மண்டி போட்டுக்கிட்டு யார் தைச்சதுன்னு கேட்டாருல்லா, அந்த எடத்த எடு. நான் சொன்ன பதில வாசிக்காத. கேள்விய மட்டும் வாசி. பதில நான் சொல்லுதேன்.